நான்கு வருடம், ஒரு குறுக்கு வார்

பொள்ளாச்சி நண்பர் போன வாரம் போனில் கேட்டார். "வாய்க்குள்ள இரும்பு இல்லாத கடிவாளம் வாங்கலாம்னு இருக்கேன். நீங்கதான் நாலு வருஷமா ஓட்டறீங்களே, எப்படிங்க?" அதே வாரம்தான் என்னுடையது மூன்றாவது முறையாகத் தையலுக்குப் போய்த் திரும்பியிருந்தது. அதனால் இதில் கொஞ்சம் சூடு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது கிராஸ் அண்டர் வகை. லகானில் தொடங்கும் இரண்டு வார்கள் மூக்குப்பட்டையின் வளையம் வழியாகப் போய், தாடைக்குக் கீழே குறுக்காக மாறி, எதிர்க் கன்னத்தில் ஏறி உச்சந்தலையில் சேரும். வலது லகானை இழுத்தால் இடது கன்னத்தில் ஒரு தள்ளல் விழும். அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவப் பேராசிரியராக இருந்த ராபர்ட் குக் பரவலாக்கிய முறை இது. நான் வாங்கியது அதே அமைப்பில் உள்நாட்டில் செய்த தோல் கடிவாளம், 6,800 ரூபாய்.

என் குதிரை மைனாவை 2019 ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் பிடித்தேன். கூட வந்த பெரியவர் ஒரு மணி நேரம் சுழி பார்த்தார். வாயைத் திறந்து பல்லை வைத்து வயது சொன்னார். அந்த வாய்க்குள் வேறு என்ன இருக்கிறது என்று நாங்கள் இரண்டு பேருமே பார்க்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் தெரிந்தது. நாக்கின் ஓரத்தில் ஒரு பள்ளம். கடைவாய் இரண்டு பக்கமும் தழும்பேறி ரப்பர் மாதிரி தடித்திருந்தது. கல்யாண ஊர்வலங்களில் ஆடிய குதிரை அவள். முள் வைத்த இரும்பைப் போட்டு ஆட்டியிருக்கிறார்கள். முள் கடிவாளம் கூடாது என்று 1965-லேயே மத்திய அரசு விதி வந்துவிட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டு வருடம் மழமழப்பான சாதா இரும்பைப் போட்டுத்தான் ஓட்டினேன். குதிரைக்கு முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஓர் இடைவெளி உண்டு, இரும்பு உட்காருவது அங்கேதான். மெல்லிய ஈறு, அதற்கு அடியில் நேராக எலும்பு. பழைய காயம் உள்ள வாயில் எவ்வளவு மெதுவான இரும்பும் இரும்புதான். கடிவாளத்தைக் கையில் எடுத்தாலே தலையை உத்தரம் வரைக்கும் தூக்கிவிடுவாள். நான் முக்காலி போட்டு ஏறி மாட்டுவேன்.

2021-ல் இதற்கு மாறினேன். மூன்றாவது வாரம் ஒரு காலை, லாயத்துக்குள் மூக்குப்பட்டையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூப்பிடவில்லை, இழுக்கவில்லை. அவளே வந்து தலையைத் தாழ்த்தி மூக்கை உள்ளே விட்டாள். மூச்சுக்காற்று என் மணிக்கட்டில் சூடாக அடித்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். அந்த ஒரு காலைக்காக 6,800 என்ன, இன்னும் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.

"இரும்பு இல்லாம எப்படிங்க நிக்கும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். மிரண்ட குதிரையை வாயில் வலி கொடுத்து நிறுத்த முடியாது, வலிக்குப் பயந்து இன்னும் ஓடத்தான் செய்யும். ஒருமுறை கீழ்பவானி வாய்க்கால் கரையில் போய்க்கொண்டிருந்தபோது, பக்கத்துத் தோட்டத்தில் போர்வெல் லாரி காற்றைப் புஸ்ஸென்று விட்டது. மைனா நாலுகால் பாய்ச்சலில் கிளம்பிவிட்டாள். இரண்டு லகானையும் சேர்த்து இழுக்காமல், இடதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கித் தலையை என் முழங்கால் பக்கம் திருப்பினேன். கரையிலிருந்து சரிவில் இறங்கி, உழுது போட்டிருந்த காட்டுக்குள் ஒரு வட்டம் அடித்து நின்றாள். குறுக்கு வார் தலையையே அணைத்துத் திருப்பியதால்தான் அது நடந்தது. அதை மறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தக் குறுக்கு வார்தான் நான்கு வருடமாக என் உயிரை எடுக்கிறது.

குதிரை பாடம் கற்பது நாம் இழுக்கும்போது அல்ல, விடும்போது. கேட்டதைச் செய்த அந்த நொடியில் அழுத்தம் போய்விட வேண்டும். இதில் நான் கையைத் தளர்த்தினாலும் வார் வளையத்திலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறது. மார்கழிப் பனியில் பரவாயில்லை. சித்திரை வெயிலில் பத்து நிமிடம் ஓடி வியர்த்துவிட்டால் தோல் ஊறி ஒட்டிக்கொள்ளும். நான் விட்டுவிட்டேன் என்று நினைக்கிறேன், அவள் தாடையில் இன்னும் இறுக்கம் இருக்கிறது. நின்ற பிறகும் "நில்" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் அவள் என்ன செய்வாள்? காதைப் பின்னுக்கு மடிக்கிறாள், தலையை ஆட்டுகிறாள். தப்பு அவளுடையது இல்லை. எண்ணெய், மெழுகு, சோப்பு எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. ஒரு வாரம் வழுக்கும், அப்புறம் பழைய கதை.

இந்தத் தடவை வார் வளையத்தின் பக்கத்திலேயே அறுந்துவிட்டது. தைத்துக் கொடுப்பவர் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, இது அறுந்ததில்லீங்க, தேஞ்சது. வளையத்துக்குள்ள சிக்கிச் சிக்கி ஓடியிருக்குது பாருங்க" என்று காட்டினார். வார் அவரிடம் இருந்த 11 நாளும் லகானை மூக்குப்பட்டையின் பக்க வளையங்களிலேயே நேராக மாட்டி ஓட்டினேன். இப்படிக் குறுக்கு வார் இல்லாமல் வரும் வகைக்கு சைடுபுல் என்று பெயர். கை தளர்ந்தால் அழுத்தமும் அந்த நிமிடமே போனது. மைனா கழுத்தை நீட்டி, உதட்டைத் தொங்கவிட்டு நடந்தாள். நான்கு வருடத்தில் இவ்வளவு லேசாக அவள் திரும்பியதே இல்லை. பன்னிரண்டாம் நாள் வாரைத் திரும்ப மாட்டினேன். முதல் திருப்பத்திலேயே காது மடிந்தது.

நண்பருக்கு இன்னும் இரண்டு விஷயம் சொன்னேன். மூக்குப்பட்டை கன்ன எலும்பு முடியும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டும், அதற்குக் கீழே இறக்கக் கூடாது. அங்கே மூக்கெலும்பு மெலிந்து குருத்தெலும்பாகிவிடும், குதிரைக்கோ மூக்கால் மட்டும்தான் மூச்சு. இரும்பு இல்லை என்பதற்காக இது வலிக்காத சாமான் ஆகிவிடாது. வாய்க்குள் ஒன்றும் வைக்காமல் நீளக் கம்பியால் மூக்கை நெருக்கும் ஹாக்கமோர் வகைக் கடிவாளம், தப்பான கையில் எந்த இரும்புக்கும் குறைந்ததில்லை. அப்புறம், அவர் மகள் டிரெஸ்ஸாஜ் கற்கிறாள், குதிரையை நுணுக்கமாக அடியெடுத்து நடத்திக் காட்டும் போட்டி. சர்வதேச விதிப்படி அந்தப் போட்டிக்கு இரும்பு வேண்டும், தடை தாண்டலில் இல்லாமலும் போகலாம்.

சரி, வாங்கலாமா என்று கேட்டால், கிராஸ் அண்டர் வாங்காதீர்கள். இன்றைக்கு என் பதில் இதுதான். வாய்க்கால் கரையில் என்னைக் காப்பாற்றியது அது என்று தெரிந்தேதான் சொல்கிறேன். சாதாரண சைடுபுல் ஒன்றைப் பாருங்கள், விலையும் குறைவு.

தைத்து வந்த குறுக்கு வாரை நேற்று மறுபடியும் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். மூக்குப்பட்டை லாயத்து ஆணியில் தொங்குகிறது. காலையில் அதை எடுத்தபோது மைனா கதவுக்கு மேலாகத் தலையை நீட்டினாள்.