பிராங்க்ஃபர்ட்டா, டூசல்டார்ஃபா? தங்கை வீட்டுக்குப் போன இரண்டு வழிகள்

தங்கை டோர்ட்முண்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர், ஜெர்மானியர். நான், மனைவி, பள்ளிக்கூடம் போகும் பையன், முழங்கால் வலியோடு அம்மா என நாலு பேரும் இதுவரை இரண்டு தடவை போய் வந்துவிட்டோம். முதல் தடவை சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட்டுக்கு லுஃப்தான்சாவின் நேர் விமானம், அங்கிருந்து ரயில். அடுத்த தடவை எமிரேட்ஸில் துபாய் வழியாக டூசல்டார்ஃப். யாராவது கேட்டால் இப்போதெல்லாம் யோசிக்காமல் டூசல்டார்ஃப் என்றுதான் சொல்கிறேன். ஆனால் பிராங்க்ஃபர்ட்டை மோசம் என்று சொல்லிவிட முடியாது.

விசா, காப்பீடு எல்லாம் இரண்டுக்கும் ஒன்றுதான். ஷெங்கன் விசா, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு. அதை விட்டுவிடலாம்.

நேர் விமானத்தின் சுகம் தெரிந்ததுதான். நள்ளிரவு தாண்டி ஏறினால் பத்து மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட, காலையில் இறங்கிவிடலாம். பிராங்க்ஃபர்ட் விமான நிலையத்துக்கென்றே ஒரு நெடுந்தூர ரயில் நிலையம் இருக்கிறது, 1999-இல் திறந்தது. அங்கிருந்து கொலோன் வரை போகும் அதிவேகப் பாதை 2002-இல் வந்தது. அதில் ஐசிஇ எனும் ஜெர்மன் அதிவேக ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வரை போகும். பெட்டிக்குள் இருக்கும் திரையில் வேகம் ஓடிக்கொண்டே இருக்க, பையன் 297, 298 என்று கத்திக்கொண்டே வந்தான். இரண்டரை மணி நேரத்துக்குள் டோர்ட்முண்ட். தனி ஆளாக, ஒரே ஒரு பெட்டியோடு போவதென்றால் நான் இன்றைக்கும் இந்த வழியில்தான் போவேன்.

குடும்பமாகப் போகும்போது கணக்கே வேறு. எங்களிடம் 23 கிலோ பெட்டிகள் ஐந்து. விமானக் கட்டணம், பயண நேரம் எல்லாவற்றையும் ஒப்பிட்ட நான், அந்தப் பெட்டிகளை எத்தனை முறை தூக்க வேண்டியிருக்கும் என்பதை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை. பெல்ட்டிலிருந்து தள்ளுவண்டிக்கு ஒன்று. பிளாட்பாரத்தில் தள்ளுவண்டியை விட்டுவிட வேண்டும், அங்கே இறக்கியது இரண்டு. ரயில் நிற்கும் அந்தச் சில நிமிடத்துக்குள் படியேற்றியது மூன்று. மேல்தட்டில் 23 கிலோவை வைக்க முடியாது. முதுகோடு முதுகாக இருக்கும் இருக்கைகளின் இடைவெளியில் செருகியது நான்கு. டோர்ட்முண்ட் வருவதற்கு முன்பே உருவியெடுத்து வாசலுக்குக் கொண்டுவந்தது ஐந்து, இறக்கியது ஆறு, கார் டிக்கியில் ஏற்றியது ஏழு. ஐந்து பெட்டி, ஏழு தடவை, மொத்தம் 35 தூக்கல். அம்மாவைக் கைப்பிடித்து ஏற்ற வேண்டியது மனைவி, ஆகவே தூக்கியதெல்லாம் நான். அன்று மாலை சம்பந்தியம்மா கேக்கும் காபியும் வைத்துக் காத்திருக்க, நான் சோபாவிலேயே தூங்கிவிட்டேன்.

இதில் டிக்கெட் கூத்து வேறு. ஸ்பார்பிரைஸ் என்று சல்லிசாக ஒரு ரயில் டிக்கெட் உண்டு. அது அந்த ஒரே ரயிலுக்குத்தான் செல்லும். விமானம் இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் கிளம்பும் ரயிலைப் பிடித்துவிடலாம் என்று நானே கணக்குப் போட்டேன். அம்மா பாத்ரூம் போய்வந்து, சிம் கார்டு வாங்கி, கூரையிட்ட அந்த நீள நடைபாதையைக் கடப்பதற்குள் ரயில் போய்விட்டது. புது டிக்கெட் வாங்கினோம். தப்பு முழுக்க என்னுடையது. அன்றைக்கு எந்த ரயிலிலும் ஏறிக்கொள்ளலாம் என்கிற ஃப்ளெக்ஸ்பிரைஸ் விலை கூடுதல்தான், ஆனால் விமானத்திலிருந்து இறங்கி ரயில் ஏறுபவர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். விமான டிக்கெட்டோடு சேர்த்தே வாங்கும் ‘ரெயில் அண்ட் ஃப்ளை’யும் ஒரு ரயிலோடு கட்டிப்போடாது.

மாப்பிள்ளை பிராங்க்ஃபர்ட்டுக்கே கார் கொண்டுவந்தால் என்ன? போக மட்டுமே 220 கிலோமீட்டருக்கு மேல். ஓட்டுநரோடு ஐந்து பேர், ஐந்து பெட்டி. ஒரே காரில் கொள்ளாது. நம் ஊர் மாதிரி மடியில் ஒருவரை வைத்துக்கொள்ளவும் முடியாது. 12 வயதுக்குள், 150 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனி இருக்கை வைத்தே தீர வேண்டும், சட்டம்.

டூசல்டார்ஃப் ஜெயித்தது இங்கேதான். வீட்டிலிருந்து ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் இரண்டு கார் வந்தது. ஒன்றில் மாப்பிள்ளை, இன்னொன்றில் எழுபது வயதைத் தாண்டிய சம்பந்தியம்மா. பெல்ட்டிலிருந்து தள்ளுவண்டி, தள்ளுவண்டியிலிருந்து டிக்கி. பத்தே தூக்கல். துபாயில் விமானம் மாறினாலும் பெட்டிகள் தாமாகவே போய்ச் சேர்ந்துவிடும். அம்மாவுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேட்டிருந்தோம், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மொத்தப் பயணம் நாலைந்து மணி நேரம் நீளும் என்பது உண்மை. துபாயில் பையன் அழுததும் உண்மை.

நாங்கள் போனது இரண்டு தடவையும் கோடையில். பனிக்காலத்தில் டோர்ட்முண்டுக்குப் போகும் அந்த ஏ40 நெடுஞ்சாலை எப்படியிருக்கும் என்று அனுபவத்தில் சொல்ல எனக்கு வழியில்லை. சொந்தக்காரர் தெற்கே வெகுதூரம் தள்ளி மியூனிக் பக்கம் இருந்தால் இந்த அலசலே உங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம், எந்த ஊரில் இறங்கினாலும் சுங்கம் ஒன்றுதான். தங்கை கேட்கிறாள் என்று கறிவேப்பிலை, மாம்பழம் எடுத்துப் போகாதீர்கள். தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் விடமாட்டார்கள். நெய், பால்கோவா கூடாது. பால் பொருள்களுக்குப் பொதுவாக அனுமதியில்லை. வேடிக்கை என்னவென்றால் தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் சான்றிதழ் தேவையில்லை. முதல் தடவை அம்மா நெய் மைசூர்பாகை சென்னையிலேயே விட்டுவிட்டு வந்தார், இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

இரண்டாம் தடவை அம்மா சம்பந்தியம்மாவின் காரில் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூடக் கிடையாது. நெரிசலில் எங்கள் கார் பின்தங்கி, அரை மணி நேரம் கழித்துத்தான் வீடு சேர்ந்தோம். அதற்குள் காபி குடித்து முடித்திருந்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு ஆபரேஷன் நடந்தது இடது முழங்காலில் என்று அம்மாதான் எங்களுக்குச் சொன்னார்.