பிசினஸ் ஃப்ரட்டெர்னிட்டில மூணு வருஷம் இருந்துட்டு சொல்றேன்

அமெரிக்கால பைனான்ஸ் படிக்கிறேன், இது கடைசி வருஷம். முதல் வருஷம் ரெண்டாவது செமஸ்டர்லயே ஒரு கோ-எட் பிசினஸ் ஃப்ரட்டெர்னிட்டில சேர்ந்துட்டேன், அதாவது பிசினஸ் பக்கம் வேலைக்குப் போக நினைக்கிற பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்திருக்கிற காலேஜ் சங்கம். சேரலாமா வேணாமான்னு ஜூனியர்ஸ் நிறைய பேர் கேக்குறீங்க, அதான் எழுதுறேன்.

ஃப்ரட்டெர்னிட்டின்னு சொன்னதும் எங்கம்மா போன்லயே பதறிட்டாங்க, பசங்க ஒரே வீட்டுல தங்கிக் கூத்தடிக்கிற இடம்னு யாரோ சொல்லியிருக்காங்க. அது சோஷியல் ஃப்ரட்டெர்னிட்டிம்மா, இது வேற, எங்களுக்கு வீடே கிடையாது, வாரம் ஒரு நாள் கிளாஸ்ரூம்ல கோட் போட்டுட்டு மீட்டிங், அவ்ளோதான். இதுல பெரிய பேருங்க ஆல்ஃபா கப்பா சை (1904), டெல்டா சிக்மா பை (1907), ரெண்டும் நியூயார்க் யூனிவர்சிட்டில ஆரம்பிச்சது, அப்ப ஆம்பளைங்க மட்டும்தான். 1972ல படிப்புல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு டைட்டில் நைன் சட்டம் வந்தப்புறம் சோஷியல் ஃப்ரட்டெர்னிட்டிங்களுக்கு விலக்கு கிடைச்சுது, தொழில் சார்ந்ததுக்கு கிடைக்கல, அப்படித்தான் எழுபதுகள்ல பொண்ணுங்களையும் சேக்க ஆரம்பிச்சாங்க. இன்னைக்கும் பொண்ணுங்களுக்கும் 'பிரதர்'னுதான் பேரு.

ரஷ் வீக்ல, அதாவது புது ஆளுங்களைப் பாத்து எடுக்குற வாரத்துல, போய் எல்லார்கிட்டயும் பேசணும், அவங்களுக்குப் பிடிச்சிருந்தா பிட் (சேரச் சொல்லி அழைப்பு) குடுப்பாங்க, அதுக்கப்புறம் பிளெட்ஜ், முழு மெம்பர் ஆகுறதுக்கு முன்னாடி வர்ற பயிற்சிக் காலம். எங்களுக்கு எட்டு வாரம். அந்த எட்டு வாரம் கஷ்டம்தான், அதை மறைக்க விரும்பல. வரலாறு டெஸ்ட், சீனியர்ஸ் ஒவ்வொருத்தரையும் தனியா பாத்துப் பேசணும், இதுக்கு நடுவுல எனக்கு அக்கவுண்டிங் மிட்டெர்ம்ல மார்க் நல்லா அடி வாங்குச்சு. அவமானப்படுத்துறது, தூங்க விடாம பண்றது இதெல்லாம் எங்க சாப்டர்ல (எங்க காலேஜ் கிளைல) இல்ல. உங்க சாப்டர்ல அப்படி நடந்தா அன்னைக்கே வெளிய வந்துருங்க, எந்த வேலையும் அதுக்கு ஈடில்ல.

எனக்கு கிடைச்சதுல பெருசு என்னன்னா என் பிக், அதாவது எனக்குன்னு விட்ட சீனியர் அக்கா. ஒரு செவ்வாக்கிழமை ராத்திரி லைப்ரரி ரூம்ல உக்காந்து மாக் இன்டர்வியூ (ஒத்திகை) எடுத்தாங்க. உன்னைப் பத்தி சொல்லுன்னாங்க, சொன்னேன். முடிச்சதும் பேப்பரை என் பக்கம் திருப்பிக் காட்டுனாங்க, வரிசையா பேனாக் கோடு, பதினாலு. அத்தனை தடவை 'நாங்க பண்ணோம்'னு சொல்லியிருக்கேன். நீ என்ன பண்ணேன்னாங்க. நம்ம வீட்டுல நான் நான்னு பேசுனா திமிருன்னு சொல்லித்தானே வளத்தாங்க, எனக்கு வாயே வரல. மணி பதினொன்னு வரைக்கும் விடாம திரும்பத் திரும்ப சொல்ல வெச்சாங்க. ரெண்டு மாசம் கழிச்சு முதல் இன்டர்ன்ஷிப் கிடைச்சுது, அது அந்த ராத்திரியாலதான்னு இன்னைக்கும் நம்புறேன்.

ஆனா எஃப்-1 விசால, அதாவது ஸ்டூடன்ட் விசால, இருக்குறவங்க ஒண்ணு தெரிஞ்சுக்கணும். அலும்னை (படிச்சு முடிச்ச சீனியர்ஸ்) நெட்வொர்க் இருக்கு, அவங்க கம்பெனில ரெஃபரல் கிடைக்கும்னு ரஷ்ல சொல்லுவாங்க, பொய் இல்ல. ஆனா வேலை அப்ளிகேஷன்ல கம்பெனியோட விசா ஸ்பான்சர்ஷிப் வேணுமான்னு ஒரு கேள்வி வரும் பாருங்க, அங்க எந்த பிரதராலயும் ஒண்ணும் பண்ண முடியாது. எனக்கே ரெஃபரல் இருந்தும் ரெண்டு இடத்துல அங்கயே நின்னு போச்சு. உங்க டிகிரி ஸ்டெம் (சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ்) லிஸ்ட்ல இல்லன்னா ஓபிடி, அதாவது ஸ்டூடன்ட் விசாலயே வேலை பாக்க விடுற காலம், 12 மாசம்தான், இருந்தா இன்னும் 24 மாசம் நீட்டிக்கலாம். ஃப்ரட்டெர்னிட்டில சேர்றதுக்கு முன்னாடி மேஜரைப் பத்தி யோசிங்க, அது இதைவிட முக்கியம்.

காசு விஷயம், நிறைய பேர் கேக்க கூச்சப்படுறீங்க. முதல் செமஸ்டர்ல இனிஷியேஷன் ஃபீஸும் சேந்து வரும், அதனால அது மட்டும் அதிகம், அப்புறம் ஒவ்வொரு செமஸ்டரும் டியூஸ் (மெம்பர் சந்தா). பிட் வந்ததும் ட்ரெஷரர்கிட்ட மொத்தம் எவ்ளோ, தவணையா கட்டலாமான்னு கேட்டுருங்க. எங்க சாப்டர்ல கேட்டா மூணா பிரிச்சுக் குடுப்பாங்க, அது தெரியாம நான் அப்பாகிட்ட மொத்தத்தையும் ஒரே தடவையா வாங்கிட்டேன்.