ஏற்காட்டு மழைக்கு ஒரு மழைமானி: இரண்டு வருடம் பயன்படுத்திய பிறகு

நாகலூர் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் காபி. ஊடே சில்வர் ஓக், அதில் ஏற்றிவிட்ட மிளகு. இந்த மழைமானியைச் சேலம் செவ்வாய்பேட்டையில் விவசாயச் சாமான் விற்கும் ஒரு கடையில் 1,400 ரூபாய்க்கு வாங்கினேன். கவாத்துக் கத்தி வாங்கப் போன இடத்தில் கண்ணில் பட்டது. "பிளாஸ்டிக் குழாய்க்கு இவ்வளவு காசா?" என்றார் வீட்டுக்காரர். இப்போது விடிந்ததும் எனக்கு முன்னால் அவர்தான் போய்ப் பார்க்கிறார்.

வெளியே அகலமான உருளை, மேலே புனல், உள்ளே ஒல்லியான குழாய். புனல் வாயின் பரப்பு உள்குழாயைப் போலப் பத்து மடங்கு. அதனால் 1 மி.மீ. மழை உள்ளே 1 செ.மீ. உயரம் நிற்கும், கோடுகளைப் படிப்பது சுலபம். 25 மி.மீ. தாண்டினால் வெளி உருளையில் வழிந்து சேரும். அதை மறுபடி உள்குழாயில் ஊற்றி அளந்து கூட்டிக்கொள்ள வேண்டும். சரியாகக் காட்டுகிறதா என்று வாங்கிய அன்றே சோதித்தேன். வாய் விட்டம் 11.3 செ.மீ., அதாவது 100 சதுர செ.மீ. பரப்பு. சிரிஞ்சால் 100 மில்லி தண்ணீர் ஊற்றினால் 10 மி.மீ. காட்ட வேண்டும். காட்டியது.

என் பிறந்த வீடு ஓமலூர்ப் பக்கம். வாசலில் கிடக்கும் ஆட்டுக்கல் குழி நிறைந்ததா, பாதியா என்று பார்த்துத்தான் அப்பா ஏர் பூட்டுவார். நிலக்கடலைக்கு அந்தக் கணக்கு போதும். காபிக்குப் போதாது. மார்ச், ஏப்ரலில் மொட்டு காத்திருக்கும்போது ஓர் அங்குலமாவது, அதாவது 25 மி.மீ. மழை ஒரே மூச்சில் கிடைக்க வேண்டும். குறைந்தால் மொட்டு அரைகுறையாக விரிந்து வீணாகிவிடும். மழையே பெய்யாததைவிட அரை மழை மோசம்.

போன வருடம் மார்ச் கடைசியில் ஒரு சாயங்காலம் இடியும் மின்னலுமாக இருபது நிமிடம் கொட்டியது. தகரக் கூரையில் அந்தச் சத்தம் கேட்டவர் யாரும் நல்ல மழை என்றுதான் சொல்வார்கள். பக்கத்துத் தோட்டத்து அண்ணன் போனில், "ஒன்றரை இஞ்சு இருக்குங்க, இனிக் கவலை இல்லை" என்றார். டார்ச் அடித்துப் பார்த்தேன். 9 மி.மீ. இன்னும் 16 வேண்டும். ஒரு சதுர மீட்டருக்கு 1 மி.மீ. என்றால் 1 லிட்டர், ஆக 16 மி.மீ.க்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 65,000 லிட்டர். எங்கள் குட்டைத் தண்ணீர் ஒன்றரை ஏக்கருக்குத்தான் காணும். மறுநாள் விடியற்காலையே ஸ்ப்ரிங்க்ளர் ஓட்டினோம். ஒன்பதாம் நாள் அந்த ஒன்றரை ஏக்கர் மட்டும் வெள்ளை வெளேரென்று பூத்து, வாசனை வீடு வரை வந்தது. மீதி இடத்தில் பூ அங்கொன்றும் இங்கொன்றும்தான்.

இதை வாங்கிய பிறகுதான் வானிலை அறிக்கையையே ஒழுங்காகப் படிக்கக் கற்றேன். "ஓரிரு இடங்களில் மழை" என்றால் அந்தப் பகுதியின் மழைப்பதிவு நிலையங்களில் கால்வாசிக்குள்தான் மழை இருக்கும் என்று பொருள். முக்கால்வாசி இடம் காய்ந்து கிடந்தாலும் அறிக்கை தப்பில்லை. கோடையில் சேலம் சமவெளி சூடேறி, காற்று ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைச் சரிவில் ஏறுகிறது. ஏற ஏற 100 மீட்டருக்கு ஏறக்குறைய 1 டிகிரி குளிர்ந்து மேகமாகிறது. மதியம் மூன்று மணிக்கு மலைமேல் அது கறுத்து நிற்கும். அப்படி ஒரு இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். பேப்பரில் ஏற்காடு, ஆணைமடுவு, கரியகோவில் என்று மழையளவு போடுவார்களே, அதில் ஏற்காட்டுக்கு 42 என்று இருந்த நாளில் என் குழாயில் 17. இரண்டும் உண்மை. ஒப்பிடுவதற்காக நானும் அரசு கணக்குப்படி காலை 8.30க்கே அளவெடுத்து, முந்தைய 24 மணி நேர மழையாக நோட்டில் எழுதுகிறேன்.

குறைகளும் உண்டு. தாங்கியின் திருகு முதல் பருவத்திலேயே துருப்பிடித்தது, ஸ்டீல் திருகு மாற்றினேன். எண்கள் வெயிலில் மங்குகின்றன. சில்வர் ஓக் இலை ஒன்று விழுந்தாலும் புனல் அடைத்துக்கொள்ளும், எறும்பும் கூடு கட்டும். வாரம் ஒருமுறை கழுவியே ஆக வேண்டும். மழையே இல்லாத பனிமூட்டக் காலையில் 0.2 காட்டினால் பதற வேண்டாம், அது புனலில் படிந்த ஈரம்.

எங்கே வைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். முதலில் மரத்தடி வேலிக் கம்பத்தில் கட்டியிருந்தேன். பெய்யும்போது இலை தடுத்தது, நின்ற பிறகு சொட்டியது. சிமெண்ட் களத்து ஓரத்திலும் சரிவரவில்லை, தெறிப்பு உள்ளே போனது. இப்போது காய்கறிப் பாத்தி நடுவில், மரங்களின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தள்ளி நிற்கிறது.

மானாவாரி விவசாயிக்கும் காபிக்காரருக்கும் தாராளமாகச் சொல்வேன், வாங்குங்கள். உள்குழாய் தனியாகக் கிடைக்குமா என்று கடையில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். என்னுடையது டிசம்பரில் கைதவறி விழுந்து அடியில் விரிசல் விட்டது. தனிக் குழாய் இல்லை, முழு செட்டாகத்தான் தருவோம் என்றார்கள். எம்சீல் வைத்து அடைத்திருக்கிறேன், இதுவரை ஒழுகவில்லை.