மெட்ராஸின் சின்ன மிருகக்காட்சி சாலைகளும் கண்ணாடியைத் தட்டும் கைகளும்

ராணிப்பேட்டையில் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "பசங்க ஜூ பார்க்கணும்னு உயிரை எடுக்கறாங்கப்பா. வண்டலூர் வேணாம், அவ்ளோ நடக்க முடியாது. மெட்ராஸ்ல சின்னதா எது நல்லாருக்கும்?"

வண்டலூரை வேண்டாம் என்றது நியாயம். 602 ஹெக்டேர். மதியத்துக்குள் சின்னது தோளில் ஏறிவிடும், பெரியது ஐஸ்கிரீம் கடை எங்கே என்று கேட்க ஆரம்பித்துவிடும். போனில் ஏதோ ஒரு பதில் சொல்லி வைத்தேன். அது எனக்கே போதவில்லை, அதனால்தான் இது. நானும் பல வருஷமாகக் கிண்டிக்கும் முதலைப் பண்ணைக்கும் போய் வருகிறவன். சொந்தப் பிள்ளைகள் வளர்ந்தாச்சு, இப்போது அக்கா பிள்ளைகள்.

நம் அப்பா காலத்தில் இந்தக் குழப்பமே கிடையாது. காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் பக்கத்திலேயே பீப்பிள்ஸ் பார்க்கில் உயிர் காலேஜ், அதாவது மிருகக்காட்சி சாலை. கொஞ்சம் தள்ளி எழும்பூரில் செத்த காலேஜ், அதாவது மியூசியம். 1855ல் அந்த மியூசிய வளாகத்தில்தான், மியூசியப் பொறுப்பில் இருந்த பால்ஃபர் துரை மிருகங்களை வைத்துத் தொடங்கினார். பிறகு அது பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது. 1985ல் வண்டலூரில் திறந்தார்கள். அதோடு ரயிலை விட்டு இறங்கியதும் புலி பார்க்கிற வசதி போச்சு.

முதலில் கிண்டி சிறுவர் பூங்கா. 2024ல் புதுப்பித்துத் திறந்தார்கள், பார்க்க லட்சணமாக இருக்கிறது. மான், குரங்கு, பறவைகள். பெரிய மிருகம் எதையும் எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் அந்த மரங்கள்! பக்கத்திலேயே தேசியப் பூங்கா, 2.7 சதுர கிலோமீட்டருக்கு வெளிமானும் புள்ளிமானும் திரிகிற காடு, அதுவும் ஊருக்கு நடுவில். வேலூர் வெயிலில் வாழ்கிறவனுக்கு அந்த நிழலில் உட்கார்ந்திருப்பதற்கே டிக்கெட் காசு சரியாகிவிடும். இரண்டு வயசு, மூன்று வயசுப் பிள்ளை என்றால் இதுவே போதும்.

அதே சாலையில், ஒட்டியே, பாம்புப் பண்ணை. பாம்பு, முதலை ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கியது, 1972 முதல் கிண்டியில் இருக்கிறது. அளவில் சின்னது, அரை நாள்கூட ஆகாது. இந்த ஊர்வலத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்றால் இதுதான். காரணம் ஊர்ப் பாசம் இல்லை, ஊர்ப் பயம். நம்ம பக்கம் கடலைக்கொல்லை, கரும்புத் தோட்டம், வரப்பு என்று கால் வைக்கிற இடமெல்லாம் பாம்பு. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலுதான் பெரும்பாலான சாவுகளுக்குக் காரணம். நாலையும் உயிரோடு, ஒரு முழ தூரத்தில், பதறாமல் நின்று பார்க்க வேறு எங்கே முடியும்?

ஓட்டு வீட்டுக்குள் வருகிற வெள்ளிக்கோல் வரையனையும் கட்டுவிரியனையும் நம்மூரில் பாதிப்பேர் ஒன்றாகத்தான் நினைக்கிறார்கள். வரையனுக்குப் பட்டை முன்பக்கம் பளிச்சென்று இருக்கும், வால் பக்கம் போகப்போக மங்கும். கட்டுவிரியனுக்கு நேர்மாறு, கழுத்துப் பக்கம் மங்கலாக அல்லது இல்லாமலே இருந்து பின்னால் தெளிவாகும். முன்னது விஷமில்லாதது. பின்னது ராத்திரி பாயில் படுத்திருப்பவரைக் கடிக்கும், கடித்த வலிகூடப் பெரிதாகத் தெரியாது. படத்தில் ஆயிரம் தடவை காட்டினாலும் பிள்ளைக்கு மனசில் நிற்காது, அங்கே பார்த்தால் நிற்கும். (அதற்காக வீட்டில் வந்ததைக் குனிந்து பட்டை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கதவைச் சாத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.)

சரி, இப்போது என் வயிற்றெரிச்சல். கண்ணாடியைத் தட்டுகிறார்கள். குழந்தை தட்டினால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அப்பாக்கள் தட்டுகிறார்கள். மோதிரம் போட்ட விரலால் டொக் டொக் டொக் என்று. தட்டக்கூடாது என்று எழுதியிருக்கும் பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு தட்டியவரைப் பார்த்திருக்கிறேன். கேட்டால், "பாம்புக்குத்தான் காதே கிடையாதே சார்" என்றார். வெளிக்காது கிடையாது, அவ்வளவுதான். அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்காதுக்குப் போகிறது. தரை அதிர்வதை வைத்துப் பிழைக்கிற ஜீவன் அது, அதனிடம் போய்க் காலையிலிருந்து சாயந்திரம் வரை ஆள் மாற்றி ஆள் தட்டினால்? "தூங்குது, வேஸ்ட்" என்று சொல்லிவிட்டு அடுத்த கண்ணாடிக்குப் போகிறார்கள், அங்கேயும் தட்டல். ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தச் சத்தம் காட்பாடி திரும்புகிற வரை காதில் இருக்கிறது.

இதில் பண்ணையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் வருகிற சனத்தின் புத்தி. அது தெரிந்தும் கோபம் அடங்கமாட்டேன் என்கிறது.

அப்புறம் வடநெம்மேலி முதலைப் பண்ணை. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் நாற்பது கிலோமீட்டர் இருக்கும், மாமல்லபுரத்துக்குக் கொஞ்சம் முன்னால். சென்னைக் கணக்கில் இதைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். நமக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் மெட்ராஸ் நெரிசலுக்குள் நுழையவே வேண்டாம். 1976ல் தொடங்கியது, இதிலும் விட்டேகர் உண்டு. நம்மூர்ச் சதுப்புநில முதலை, நீண்ட மூக்கோடு மீன் பிடிக்கும் கரியால், பார்த்தாலே அடிவயிறு கலங்கும் உவர்நீர் முதலை. வாயைப் பிளந்துகொண்டு அசையாமல் கிடக்கும். உடம்புச் சூட்டைத் தணிக்கத்தான் அப்படி. சனங்கள் பொம்மை என்று பந்தயம் கட்டுவார்கள்.

நான் எதிர்பாராமல் சொக்கிப்போன இடம் அங்கே உள்ள இருளர் கூட்டுறவுச் சங்கம். 1978ல் ஆரம்பித்தது. பாம்பு பிடித்து வந்து, மண்பானையில் வைத்திருந்து, விஷத்தை எடுத்து, சில வாரங்கள் கழித்துக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி மாட்டாமலிருக்க வயிற்றுச் செதிலில் அடையாளம் வைப்பார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றித்தான் முறிமருந்து தயாராகிறது. குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ கடிபட்டு வருகிறவருக்கு ஏற்றுகிற பாட்டிலின் ஆரம்பம் இப்படி ஒரு மண்பானையில் கிடந்த பாம்பு. 2023ல் பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது எனக்கு என்னவோ சொந்தக்காரர் வீட்டு விசேஷம் மாதிரி இருந்தது.

உள்ளூரில், நம்ம வேலூர்ப் பக்கமே, அமிர்தி மிருகக்காட்சி சாலை இருக்கிறதே என்பீர்கள். கணியம்பாடி தாண்டி, ஜவ்வாது மலை அடிவாரம், 1967லிருந்து இருக்கிறது, 25 ஹெக்டேர். மழைக்குப் பிறகு அருவிக்காகப் போங்கள். மிருகம் பார்க்கத்தான் என்றால் பிள்ளைகள் சீக்கிரம் சலித்துவிடுவார்கள். அங்கேயும் கம்பி வலைக்குள் சிப்ஸ் நீட்டுகிற கூட்டம் தனி.

கிளம்புமுன் கிழமையைப் பாருங்கள். கிண்டியில் இரண்டுக்கும் செவ்வாய் விடுமுறை, முதலைப் பண்ணைக்குத் திங்கள்.

கேட்டவருக்கு என் பதில்: மூன்றிலும் சிறந்தது பாம்புப் பண்ணைதான், அதனால் அங்கே போகவேண்டாம். தொழிற்சாலைக்காரருக்கு லீவு ஞாயிறு மட்டும்தான். அதோடு அவருடைய சின்னவனை எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு மீன் தொட்டியை அவன் தட்டாத இடம் பாக்கியில்லை. நேராக முதலைப் பண்ணைக்கு வண்டியை விடச் சொல்லியிருக்கிறேன். அங்கே முதலைகளுக்கு முன்னால் பெரும்பாலும் சுவர்தான். தட்டட்டும், அவன் கைதான் வலிக்கும்.