மணிக்கட்டா, மூச்சா: மது அளவு காட்டும் கருவிகளில் டெல்டாவுக்குப் பொருந்துவது எது?

நாகப்பட்டினம், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் வண்டி வைத்துத் தொழில் செய்பவர்களுக்குக் காரைக்கால் ஓயாத தலைவலி. புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த அந்த ஊரில் மதுவின் விலை குறைவு. எல்லையைத் தாண்டிவிட்டால் தமிழ்நாடு. கல்யாணச் சவாரி முடித்துத் திரும்பும் வேனும், சரக்கு இறக்கிவிட்டு வெறுமையாக வரும் லாரியும் அங்கே சற்று நின்றுவிட்டு வந்தால் உரிமையாளருக்குத் தெரிய வழியில்லை. ஓட்டுநர்களை வரிசையில் நிறுத்தி ஊதச் சொல்வதைவிட ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிவிட்டால் வேலை முடிந்துவிடாதா என்ற கேள்வி இப்போது எழத் தொடங்கியிருக்கிறது. தோல் வழியாக மது அளவைக் கணிக்கும் அணிகருவிகளையும் ஊதிப் பார்க்கும் கருவிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இவை ஒரே வேலையைச் செய்யும் இரண்டு கருவிகள் என்ற எண்ணமே முதலில் தகர்ந்துவிடும்.

அளவுகோல் எது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 185-ஆம் பிரிவின்படி, 100 மி.லி. இரத்தத்தில் 30 மி.கி.க்கு மேல் மது இருந்தபடி வண்டி ஓட்டுவது குற்றம். 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு முதல் முறை பிடிபட்டால் 6 மாதம் வரை சிறை, 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். சாலையில் காவலர் கேட்பது மூச்சு. அதற்கு மேல் தேவைப்பட்டால் மருத்துவமனையில் எடுக்கப்படும் இரத்தம். கையில் கட்டிய பட்டை காட்டும் எண்ணை அங்கே நீட்டிப் பயனில்லை.

30 மி.கி. எவ்வளவு சிறிய அளவு என்பது நம் கடைக் கணக்கில் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு குவாட்டர் என்பது 180 மி.லி.; 42.8 விழுக்காடு மது கொண்ட பிராந்தியோ விஸ்கியோ என்றால் அதில் உள்ள தூய மது ஏறத்தாழ 61 கிராம். 65 கிலோ எடையுள்ள ஆண் அதைக் குடித்தால், ஸ்வீடனைச் சேர்ந்த விட்மார்க் 1930-களில் வகுத்த சூத்திரத்தின்படி, அவருடைய இரத்தத்தில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 140 மி.கி. அளவுக்கு மது ஏறலாம். அதாவது சட்ட வரம்பைப்போல நான்கரை மடங்கு. பாதி குவாட்டரான கட்டிங் மட்டும் போட்டவருக்கும் அது 70 மி.கி.யை எட்டக்கூடும். பெண்களின் உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், எடை ஒன்றாக இருந்தாலும் அவர்களுக்கு இந்த எண் இன்னும் கூடும். ஈரல் இந்த மதுவை மணிக்கு 10 முதல் 20 மி.கி. வரை, சராசரியாக 15 மி.கி. என்ற வேகத்தில்தான் கரைக்கும். மோரும் எலுமிச்சைச் சாறும் அதை விரைவுபடுத்துவதில்லை. இரவு 10 மணிக்குக் கடை அடைக்கும் நேரத்தில் குவாட்டரை முடித்தவர், விடியற்காலை 5 மணிக்கு நடவு ஆட்களை ஏற்றிக்கொண்டு மினி வேனைக் கிளப்பும்போதும் வரம்புக்குச் சற்று மேலேயே இருக்கலாம். தூங்கி எழுந்து குளித்து, திருநீறும் பூசிக்கொண்டு வந்து நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் ஐயம் எழாது. கருவி தேவைப்படுவது தள்ளாடுபவருக்காக அல்ல, இவருக்காகத்தான்.

ஊதிப் பார்க்கும் கருவி

இதன் அடிப்படை எளிது. நுரையீரலின் ஆழத்தில் இரத்தமும் காற்றும் ஒரு மெல்லிய சவ்வுக்கு இருபுறமும் ஓடுகின்றன; இரத்தத்தில் உள்ள மதுவில் ஒரு சிறு பங்கு ஆவியாகிக் காற்றில் கலக்கிறது. ஆழமூச்சில் 2,100 மி.லி. காற்றில் உள்ள மதுவும் 1 மி.லி. இரத்தத்தில் உள்ள மதுவும் சமம் என்ற விகிதத்தை வைத்துத்தான் பெரும்பாலான கருவிகள் கணக்கிடுகின்றன. அமெரிக்காவின் இண்டியானாவில் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 1954-இல் உருவாக்கிய கருவி முதல் இன்றைய கையடக்கக் கருவிகள் வரை உணரிகள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை. இந்த விகிதம் ஆளுக்கு ஆள் சற்றே வேறுபடும். ஆயினும் இரத்தத்தில் ஏறும் மது சில நிமிடங்களிலேயே மூச்சிலும் தெரிந்துவிடுகிறது என்பதுதான் இதன் பெரும் பலம். கொய்யா இலை, சோம்பு, ஹால்ஸ் ஆகியவற்றை மென்றுவிட்டு வருபவர்கள் வாயின் வாடையைத்தான் மறைக்கிறார்கள். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றை அவை ஒன்றும் செய்வதில்லை.

சந்தையில் இவற்றில் இரண்டு சாதிகள் உண்டு. மலிவானவற்றில் வெள்ளீய ஆக்சைடு பூசிய குறைகடத்தி உணரி இருக்கும். அது மதுவை மட்டுமல்லாமல் வேறு பல ஆவிகளையும் உணரும் என்பதால், சர்க்கரை நோய் கட்டுக்கடங்காமல் இருப்பவரின் மூச்சில் வரும் அசிட்டோனுக்கும் அது மசிந்துவிடக்கூடும். சர்க்கரை நோயில்லாத வீடு அரிதாகிவிட்ட நம் பகுதியில் இதைச் சிறிய குறையாக ஒதுக்க முடியாது. மற்றொன்று ஃப்யூயல் செல் வகை: பிளாட்டினம் மின்முனைகளில் மது ஆக்சிசனேற்றம் அடையும்போது பிறக்கும் மின்னோட்டத்தை அளக்கிறது, அசிட்டோனுக்கு ஏமாறுவதில்லை. விலை பல மடங்கு அதிகம் என்றாலும், ஒருவருடைய அன்றைய கூலியைத் தீர்மானிக்கப்போகும் சோதனைக்கு மலிவான கருவியைப் பயன்படுத்துவது நியாயமாகாது என்பது என் கருத்து.

இரண்டு வகைக்கும் பொதுவான பலவீனம் வாயில் தங்கும் மது. தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களில் நொதித்தலால் தானாக உருவாகும் மது உண்டு. சில வாய் கொப்பளிக்கும் திரவங்களிலும், சில இருமல் மருந்துகளிலும் உண்டு. இவற்றை விழுங்கிய கையோடு ஊதினால் எண் எகிறிவிடும். விமானிகள் மது கலந்த வாய் கொப்பளிப்பான்களைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2023-இல் விதியே கொண்டுவந்தது. தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு 15 நிமிடம் கழித்து மறுபடி ஊதினால் வாயில் தங்கியது விலகி, இரத்தத்தில் இருப்பது மட்டும் தெரியும். இந்த மறுசோதனைக்கு வாய்ப்புத் தராமல் ஆளைத் திருப்பி அனுப்பும் உரிமையாளரிடம் எந்தக் கருவி இருந்தும் பயனில்லை.

உடம்பில் அணியும் கருவி

குடித்த மதுவில் ஏறத்தாழ 1 விழுக்காடு தோல் வழியாக, வியர்வையாகவும் கண்ணுக்குத் தெரியாத ஆவியாகவும் வெளியேறுகிறது. அணிகருவிகள் பிடிப்பது அதைத்தான். இவற்றில் மூத்தது அமெரிக்காவில் 2003 முதல் நீதிமன்றங்கள் பயன்படுத்திவரும் ஸ்க்ராம் என்ற கணுக்கால் பட்டை. போதையில் வண்டி ஓட்டித் தண்டனை பெற்றவர்கள் மீண்டும் குடிக்கிறார்களா என்பதைக் கண்காணிக்க, 30 நிமிடத்துக்கு ஒரு முறை தோலுக்கு மேலுள்ள ஆவியைச் சோதிக்கிறது. கழற்றினாலோ, தோலுக்கும் உணரிக்கும் இடையே எதையாவது செருகினாலோ அதையும் பதிவு செய்துவிடும்.

காலில் விலங்குபோல் கிடக்கும் அதைவிட நாகரிகமான கருவி வேண்டும் என்று அமெரிக்காவின் மது ஆய்வு நிறுவனம் ஒரு போட்டி நடத்தியது. 2016-இல் முடிவு வந்தபோது, மணிக்கட்டில் அணியும் ஸ்கின் என்ற கருவிக்காக சான் பிரான்சிஸ்கோவின் பேக்ட்ராக் நிறுவனம் 2,00,000 டாலர் முதல் பரிசையும், மைலோ சென்சார்ஸ் என்ற நிறுவனம் 1,00,000 டாலர் இரண்டாம் பரிசையும் பெற்றன. முன்னது ஃப்யூயல் செல்லையும், பின்னது நொதியம் பூசிய, மாற்றிப் போடத்தக்க குப்பியையும் நம்பியது. அதே 2016-இல் சான் டியேகோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜோசப் வாங், பேட்ரிக் மெர்சியர் ஆகியோரின் குழுவினர், பச்சை குத்தியதுபோல் தோலில் ஒட்டிக்கொள்ளும் உணரியைச் செய்து காட்டினார்கள். பைலோகார்பின் மருந்தை மெல்லிய மின்னோட்டத்தால் தோலுக்குள் செலுத்தி, வியர்வையை வரவழைத்துச் சில நிமிடங்களில் அளக்கும் ஏற்பாடு அது. அறிவியலாகப் பார்த்தால் இதுதான் எல்லாவற்றிலும் சுவையானது. ஆனால் திருவாரூரில் லாரி ஷெட் வைத்திருப்பவர் கடையில் வாங்கக்கூடிய பொருளாக அதை நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நாடித்துடிப்பும் தூக்கமும் காட்டும் சாதாரண ஸ்மார்ட் வாட்சுகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது. குடித்த இரவில் நாடி வேகமாகத்தான் இருக்கும். காய்ச்சலிலும் இருக்கும், கடன்காரன் வாசலில் நின்றாலும் இருக்கும்.

நாகூர் தாண்டுவதற்குள் என்ன நடக்கும்

இரு வகைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு காலதாமதம். இரத்தத்தில் ஏறிய மது தோலைக் கடந்து உணரியை எட்டவே நேரமெடுக்கிறது; இரத்தத்தில் உச்சம் தொட்ட பிறகு, தோலில் உச்சம் தெரிய அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். காரைக்காலில் வெறும் வயிற்றில் இரண்டு பெக் போட்டுவிட்டு ஒருவர் உடனே நாகைக்குப் புறப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20 கி.மீ. தூரம், அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணம். இரத்தத்தில் மது உச்சத்தை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் அந்த நேரம் முழுவதும் மணிக்கட்டுப் பட்டை சிறிய எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். வண்டி ஷெட்டில் நின்று, அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகு பட்டை உரிமையாளரின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும். ஊதும் கருவியோ காரைக்காலிலேயே உண்மையைச் சொல்லியிருக்கும்.

விடியற்காலையில் இதே தாமதம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. இரத்தத்தில் மது வடிந்து வரம்புக்குள் வந்துவிட்டவரின் தோல் இன்னும் பழைய மதுவை வெளியேற்றிக்கொண்டிருப்பதால், ஓட்டத் தகுதியுள்ளவரையும் பட்டை தடுக்கக்கூடும். போதாததற்கு, தோலில் தெரியும் அளவை இரத்த அளவாக மாற்ற மூச்சுக்கு உள்ளதுபோல் நிலையான விகிதம் கிடையாது. தோலின் தடிமன், வெப்பம், வியர்வை, இரத்த ஓட்டம் என எல்லாம் குறுக்கிடும். 30 மி.கி. என்ற கூர்மையான கோட்டின் இப்புறமா அப்புறமா என்று தீர்ப்புச் சொல்ல இப்படிப்பட்ட கருவியை நம்ப முடியாது. எனவே, இப்போது வண்டியை எடுக்கலாமா என்ற கேள்விக்கு, ஃப்யூயல் செல் மூச்சுக் கருவிக்குப் போட்டியே இல்லை.

ஆனால், இந்த வாரம் முழுக்கக் குடிக்காமல் இருந்தாரா என்று கேட்டுப் பார்த்தால் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. காலை 6 மணிக்கு ஊதிக் காட்டிவிட்டு 7 மணிக்குக் குடிக்கத் தொடங்குபவரை, அடுத்த நாள் காலை ஊதல் பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இரவு பகலாகப் பதிவு செய்யும் பட்டையிடம் அந்தச் சாமர்த்தியம் செல்லாது. தாமதமாகத் தெரிந்தாலும், குடித்தாரா இல்லையா என்பது தெரிந்துவிடும். மதுவுக்கு அடிமையாகி மீண்டுவருபவரைப் பின்தொடரும் மருத்துவருக்கும், அவரே விரும்பித் தன் குடும்பத்திடம் நிரூபிக்க நினைத்தால் அவருக்கும் இது உண்மையிலேயே பயன்படும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீதிமன்ற ஆணைப்படி குடியை விட்டிருக்க வேண்டியவர்களுக்குக் கணுக்கால் பட்டை போடுவதும் இந்தக் கணக்கில்தான். கிருமிநாசினியோ வாசனைத் திரவியமோ பட்டால் அளவு திடீரென்று ஏறிச் சட்டென்று இறங்கும். குடித்த மது மெல்ல ஏறி மணிக்கணக்கில் வடியும். அந்த வளைகோட்டின் வடிவத்தைப் பார்த்தே ஆய்வாளர்கள் இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள்.

அங்கேயும் டெல்டாவின் வாழ்க்கை குறுக்கே நிற்கிறது. ஸ்க்ராம் பட்டை அணிந்தவர் ஷவரில் குளிக்கலாம். தண்ணீரில் மூழ்கக் கூடாது. ஆற்றிலும் குளத்திலும் முங்கிக் குளிப்பவரும், சம்பா நடவுக்கு முழங்கால் சேற்றில் நாள் முழுதும் நிற்பவரும், நாகையிலிருந்து படகேறிக் கடலுக்குப் போய் வலை இழுப்பவரும் கணுக்காலில் அதைக் கட்டிக்கொண்டு என்ன செய்வார்கள்? சித்திரை வெயிலில் வழியும் வியர்வை வேறு. குளிர்நாட்டு ஆய்வகத்தில் உட்கார்ந்திருந்தவரின் தோலில் சரிபார்த்த கருவி, கதிர் அறுத்துக் கட்டுச் சுமப்பவரின் தோலில் அப்படியே நடந்துகொள்ளும் என்று எதிர்பார்க்கக் கூடாது. மணிக்கட்டு வகை சற்றுத் தேவலாம். ஆனால் அதைக் கழற்றி வைப்பதும் அவ்வளவே எளிது.

பணத்தையும் வசதியையும் தாண்டி இன்னொன்றும் இருக்கிறது. ஊதும் கருவி வேலை நேரத்தில், வேலையிடத்தில், சில நொடிகள் மட்டும் ஆளைச் சோதிக்கிறது. பட்டையோ அவருடைய ஞாயிற்றுக்கிழமையையும், மச்சான் வீட்டு விருந்தையும், காவல் தெய்வத்துக்குப் படையல் போட்ட இரவையும் சேர்த்து முதலாளிக்கு ஒப்பிக்கும். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் இயற்றப்பட்டிருக்கிறது. இசைவு சுதந்திரமாகத் தரப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. வேலை போய்விடும் என்ற அச்சத்தில் கையை நீட்டும் ஓட்டுநரின் இசைவை அப்படி அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே வேன், லாரி, அறுவடை இயந்திரம், பள்ளிப் பேருந்து ஆகியவற்றை வைத்திருப்பவர்கள் வாங்க வேண்டியது ஒரு நல்ல ஃப்யூயல் செல் மூச்சுக் கருவி. பத்து ஓட்டுநர்களுக்கும் அது ஒன்றே போதும். மாலையில் மட்டுமல்லாமல் விடியற்காலைச் சாவி கொடுக்கும்போதும் ஊதச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு புது ஊதுகுழல் தருவது கட்டாயம். உணரி நாளடைவில் தளரும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் இடைவெளியில், பெரும்பாலும் 6 மாதம் முதல் ஓர் ஆண்டுக்குள், அளவீட்டைச் சரிபார்த்து வாங்க வேண்டும். அந்தச் சேவையைத் திருச்சியிலோ சென்னையிலோ யார் செய்து தருவார்கள், அதற்கு எத்தனை நாள் ஆகும், அதுவரை மாற்றுக் கருவி கிடைக்குமா என்பதை விலை பேசும்போதே விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.