ஏ.டி.எஸ் வாங்குவதா, கை சேஞ்ச்ஓவர் போதுமா, இன்வெர்ட்டரையே நம்பிவிடலாமா?

தோப்பு வீட்டில் 5 கே.வி.ஏ ஆஃப்-கிரிட் (ஈ.பி. லைனுக்குக் கரண்ட் அனுப்பாமல் தனியே ஓடும்) இன்வெர்ட்டர், 16 செல் லித்தியம் பாஸ்பேட் பேட்டரி எல்லாம் போட்டாயிற்று, ஈ.பி. லைனும் இருக்கிறது, பேட்டரி தீர்ந்தால் தானாக ஈ.பி.க்கு மாற என்ன வைப்பது? இப்படிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஆன்லைனில் ஒரு ஏ.டி.எஸ்ஸை, அதாவது தானாக லைன் மாற்றும் சுவிட்சை, கார்ட்டில் போட்டுவிட்டுத்தான் கேட்கிறார்கள். எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) பெட்டியில் மாட்டுகிற, மேலே 63 ஆம்ப் என்று அச்சடித்த சின்னச் சாமான். அதைக் குறை சொல்ல வரவில்லை. எந்த இடத்தில் மாட்டுகிறோம், நியூட்ரல் எங்கே எர்த்தோடு சேர்கிறது என்று பார்க்காமல் வாங்குவதுதான் கோளாறு.

முதலில் கை சேஞ்ச்ஓவர். ஒரு பக்கம் ஈ.பி., மறுபக்கம் இன்வெர்ட்டர், நடுவில் ஆஃப். எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் கிடையாது, இரண்டு லைனும் ஒரே நேரத்தில் சேர வழியே இல்லை. அந்த நடு ஆஃப்தான் இதன் பெரிய பலம். ஓடிக்கொண்டிருக்கும் மோட்டாருக்குக் கரண்டை நிறுத்தினால் அது உடனே செத்துவிடாது, ஒரு கணம் அதுவே குட்டி ஜெனரேட்டர் மாதிரி வோல்டேஜைக் காட்டிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் தாளம் (ஏ.சி. அலையின் ஏற்ற இறக்கம்) சேராத வேறொரு லைனில் கொண்டுபோய் இணைத்தால் ஸ்டார்ட்டிங் கரண்டையே மிஞ்சுகிற அடி விழும். கையால் மாற்றும்போது ஆஃபில் இரண்டு மூச்சு நிறுத்தினால் போதும், மோட்டார் அடங்கிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு யார் எழுந்து போவது என்பது மட்டும்தான் இதில் பிரச்சினை.

அடுத்தது இரண்டு கான்டாக்டரை (காயிலில் கரண்ட் கொடுத்தால் இழுத்து லைனைச் சேர்க்கும் சுவிட்ச்) வைத்து உள்ளூர் எலக்ட்ரீஷியன் கட்டித் தரும் பேனல். டைமர் சேர்க்கலாம் என்பதால் எனக்கு இது பிடிக்கும். நின்ற ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் உடனே எழும்ப முயலாமல் மூன்று நிமிடம் காத்திருக்க வைக்கலாம். ஆனால் மெக்கானிக்கல் இன்டர்லாக் (ஒன்று சேர்ந்திருக்கும்போது மற்றது சேர முடியாமல் தடுக்கும் பூட்டு) இல்லாமல் வயரிங்கில் மட்டும் இன்டர்லாக் செய்து கொடுத்தால் வாங்காதீர்கள். அப்புறம் காயில் ராப்பகலாகக் கரண்ட் இழுக்கும். 8 வாட் என்று வைத்தாலும் நாளைக்கு 0.2 யூனிட், அதுவும் பேட்டரியிலிருந்து.

அந்தச் சின்ன ஏ.டி.எஸ் மாறும்போது மட்டும் கரண்ட் எடுக்கும், பிறகு அப்படியே பூட்டிக்கொண்டு நிற்கும். ஆஃப்-கிரிட்டுக்கு இது நல்ல குணம். பல மாடல்களில் ஈ.பி.க்குத்தான் முதலிடம் என்று வைத்துச் செய்திருப்பார்கள், அதனால் முதலிடம் உள்ள முனையில் இன்வெர்ட்டரைக் கொடுக்க வேண்டும். வேகமாக மாறுகிற ரகங்கள் நடுவில் நிற்காது, ஒரே தாவல்தான்.

தெரிந்தவர் ஒருவர் இதை மாட்டி, கூடவே ஒரு ஹெச்.பி. மோட்டாரையும் அதே லைனில் விட்டிருந்தார். மாலையில் பேட்டரி 48 வோல்ட்டைத் தொட்டதும் இன்வெர்ட்டர் அணைந்தது, ஏ.டி.எஸ் ஈ.பி.க்குப் போனது. சுமை போனதும் பேட்டரி வோல்டேஜ் 51க்கு ஏற, இன்வெர்ட்டர் மறுபடி உயிர் பெற்றது, ஏ.டி.எஸ் திரும்பி வந்தது, மோட்டார் இழுத்ததும் மறுபடி 48. டக், டக் என்று இருட்டும்வரை சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம், பல்லி என்று நினைத்திருக்கிறார். மறுநாள் திறந்து பார்த்தோம்: தொடுமுனை கரிக்கட்டையாகக் கறுத்து, ஒரு மூலை உருகி மணி மாதிரி திரண்டிருந்தது. இன்வெர்ட்டரின் அவுட்புட் போர்டும் காலி. பேட்டரி இறங்கி அணைவது 48 என்றால் திரும்புவது 53ஆவது இருக்க வேண்டும். லித்தியம் பாஸ்பேட்டில் வோல்டேஜ் கோடு தட்டையாகவே போவதால், பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ் போர்டு சொல்லும் சார்ஜ் சதவீதத்தை வைத்து முடிவெடுத்தால் இன்னும் நல்லது.

இன்வெர்ட்டருக்குள்ளேயே இருந்து ஈ.பி.யை நேராக வீட்டுக்கு விடும் பைபாஸ் ரிலே நான்காவது வழி. யு.பி.எஸ் மோடில் 10, சாதா மோடில் 20 மில்லிசெகண்டில் மாறும் என்று பல மேனுவல்களில் போட்டிருக்கும். ஈ.பி. இருக்கும்போது அதன் தாளத்துக்கே தன்னைச் சேர்த்துக்கொள்கிற இன்வெர்ட்டராக இருந்தால் மோட்டார் அடி வாங்காது. ஆனால் போர்டு செத்தால் ஈ.பி. இருந்தும் வீடு இருட்டு.

 

இப்போது நியூட்ரல். பல இன்வெர்ட்டர்கள் பேட்டரியில் ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் எங்கேயும் சேர்ந்திருக்காது. டெஸ்டர் வைத்தால் இரண்டு ஓட்டையிலும் மங்கலாக எரியும், மீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 110 வோல்ட் வாக்கில் காட்டும். அந்த நிலையில் கிரைண்டர் பாடிக்கு லீக் ஆனால், கரண்ட் திரும்பிப் போகப் பாதை இல்லாததால் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் சுவிட்ச்) விழாது. எம்.சி.பி.யையும் நம்ப முடியாது: 32 ஆம்ப் சி வகை உடனே விழ 160 முதல் 320 ஆம்ப் வேண்டும், 5 கே.வி.ஏ இன்வெர்ட்டர் தருவதோ 22, சில நொடிக்கு அதில் இரு மடங்கு.

அதனால் இன்வெர்ட்டர் அவுட்புட்டில் நியூட்ரலை எர்த்தோடு ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். ஈ.பி. நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மரிலேயே எர்த் ஆகிவிட்டது, வீட்டில் அதை மறுபடி சேர்க்கக் கூடாது. இங்கேதான் தேர்வு முடிவாகிறது. பேட்டரி மோடில் மட்டும் சேர்த்து, ஈ.பி. மோடில் பிரித்துவிடும் எர்த் ரிலே உள்ள இன்வெர்ட்டர் என்றால் உள் பைபாஸையே பயன்படுத்துங்கள், வெளியே ஏ.டி.எஸ் வேண்டாம். அந்த ரிலே இல்லையென்றால் இன்வெர்ட்டருக்கு ஈ.பி.யையே கொடுக்காமல், அவுட்புட்டில் நிரந்தரமாகச் சேர்த்து, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் மாற்றுகிற 2 போல் ஏ.டி.எஸ்ஸை வெளியே வையுங்கள். அப்படிச் சேர்க்கலாம் என்று மேனுவலில் இருந்தால் மட்டும்; சில மலிவு இன்வெர்ட்டர்களில் சேர்த்தால் அந்த நொடியே புகை வரும்.

எந்த வழியானாலும் வெளியே ஒரு கை சேஞ்ச்ஓவரை, அதுவும் 2 போலாக, பைபாஸாக மாட்டிவிடுவேன். இன்வெர்ட்டர் சர்வீசுக்குப் போனாலும் ஃபிரிட்ஜ் ஓடும். மோட்டாரை ஏ.டி.எஸ் லைனிலிருந்து பிரித்துத் தனியாக விடுவேன். பேட்டரி பக்கம் டி.சி.யை மாற்ற இந்த ஏ.சி. ஏ.டி.எஸ்ஸைத் தொடவே மாட்டேன், டி.சி.யில் பொறி தானாக அணையாது.

வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்து, விழுந்துவிட்டது என்று திருப்தி அடையாதீர்கள். அந்தப் பட்டன் எர்த்தைத் தொடுவதே இல்லை, நியூட்ரல் மிதந்துகொண்டிருந்தாலும் விழத்தான் செய்யும். எலக்ட்ரீஷியனிடம் பிளக்கில் செருகுகிற ஆர்.சி.சி.பி. டெஸ்டர் இருக்கும். ஈ.பி. மெயினை அணைத்துவிட்டு, பேட்டரியில் ஓடும்போது அதைச் செருகி அழுத்தச் சொல்லுங்கள்.