உயிர்மெய் படிப்பிக்க எது: தனி அட்டையா, சக்கரமா, இழுபட்டையா?

தரம் 1, 2 பிள்ளைகளுக்கு உயிர்மெய் பழக்க ஆசிரியர்கள் கையால் செய்பவற்றில் மூன்று அதிகம் புழங்குகின்றன: எழுத்துக்கு ஒன்றாகத் தனி அட்டை, சுழற்றும் சக்கரம், உறைக்குள்ளால் இழுக்கும் பட்டை. மூன்றுக்கும் வேண்டியது பிரிஸ்டல் போட், மார்க்கர், கத்தரிக்கோல், அடிமட்டம். வித்தியாசம் வகுப்புக்குள் கொண்டுபோன பிறகுதான் தெரியும். வன்னியின் அரைச்சுவர் வகுப்பறையில் சோளகம் வீசினால் ஒன்று பறக்கும். மாரியில் இன்னொன்று ஊறி இறுகும்.

தனி அட்டையில் முதல் சிக்கல் கணக்கு. 22க்கு 28 அங்குல போட்டில் 3க்கு 4 அங்குல அட்டை 49 வெட்டலாம். ஐந்து போட்டில் 245. எழுத்தோ 247. இரண்டு அட்டைக்காக ஆறாவது போட் வாங்க வேண்டியதில்லை. ஙா முதல் ஙௌ வரையான 11 எழுத்தும் பிள்ளை வாசிக்கும் சொற்களில் வருவதில்லை. அவற்றை விட்டால் 236தான், 9 அட்டை மிஞ்சும். மிஞ்சியதில் சில எழுத்துகளை இரண்டாம் முறை எழுதுங்கள். ஒரேயொரு தொகுப்பை வைத்துக்கொண்டு ‘மாமா’ கட்ட முடியாது, இரண்டு ‘மா’ வேண்டும். ‘அம்மம்மா’வுக்கு இரண்டு ‘ம்’, ‘அப்பப்பா’வுக்கு இரண்டு ‘ப்’. பிள்ளை ஆசையோடு கட்டப் பார்ப்பது இந்தச் சொற்களைத்தான்.

236 அட்டையையும் ஒரே தடவையில் பரப்பினால் பிள்ளை எழுத்துத் தேடியே பாடவேளை முடிந்துவிடும். நாலு பேர் கொண்ட குழுவுக்கு 12 அட்டை காணும். பாயில் பரப்பாமல் சுளகில் பரப்புங்கள். விளிம்பு உயர்ந்திருப்பதால் காற்று இலேசில் தூக்காது, பாடம் முடிந்ததும் அப்படியே பெட்டிக்குள் கொட்டலாம். அட்டையின் பெரிய பலம், எழுத்தைப் பிள்ளை முழு உருவமாகப் பார்ப்பது. அது எவ்வளவு முக்கியம் என்பது சக்கரம் செய்து பார்த்தால் விளங்கும்.

சக்கரம் பார்க்க வடிவானது. கண்காட்சிக்கு வைத்தால் எல்லோரும் பாராட்டுவார்கள். ஆனால் மூன்றிலும் அதிகம் பிழைப்பதும் இதுதான். 11 சென்ரிமீற்றர் ஆரையில் இரண்டு வட்டம் வெட்டி, அடித்தட்டின் ஓரமாக 18 அகரமெய்களை 20 பாகைக்கு ஒன்றாக எழுதுவார்கள். மேல்தட்டின் உச்சியில் ஒரு யன்னல், அதன் பக்கத்தில் ‘ா’ அல்லது ‘ே’. சுழற்றச் சுழற்ற கா, சா, டா என்று வரும். எழுத்து உட்காரும் இடத்தில் வட்டத்தின் சுற்றளவு ஏறக்குறைய 63 சென்ரிமீற்றர். அதை 18ஆல் பிரித்தால் ஓர் எழுத்துக்கு மூன்றரைதான் கிடைக்கும். ‘ண’, ‘ஞ’ அதற்குள் நெரிபடும், பின் வாங்கில் இருப்பவருக்குத் தெரியாது. எனவே இது நாலைந்து பேர் சுற்றியிருந்து பார்க்கும் பொருள், கரும்பலகைக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடிக்கும் பொருளல்ல.

அடிக்கடி நடக்கும் பிழை, அடித்தட்டை மேசையில் அசையாமல் வைத்து எல்லா எழுத்தையும் நேராக எழுதுவது. சுழற்றும்போது ‘ப’ பக்கவாட்டில் படுத்துக்கொண்டு வரும், பிள்ளை கழுத்தைச் சரித்து வாசிக்கும். எழுதும்போது ஒவ்வோர் எழுத்துக்கும் தட்டைத் திருப்புங்கள். எழுத்தின் அடி எப்போதும் மையத்தைப் பார்க்க வேண்டும்.

ஆனால் திருத்த முடியாத குறை ஒன்று உண்டு. ா, ெ, ே, ை, ொ, ோ, ௌ ஆகிய குறிகள் எழுத்துக்கு இடமோ வலமோ தனியாக நிற்பதால் யன்னலோடு ஒத்துப்போகும். உகர ஊகாரம் அப்படியல்ல. கு, சு, து, மு, ரு என்று ஒவ்வொன்றும் தன் உருவத்தையே மாற்றிக்கொள்ளும், எந்த யன்னலாலும் அதைச் செய்ய முடியாது. இகர ஈகாரமும் எழுத்தின் தலையிலேயே ஒட்டுவதால் சக்கரத்தில் அரைகுறையாகத்தான் வரும். பழைய கொம்பு போட்ட ‘னை’, ‘லை’ எழுதிப் பழகிய வீட்டுப் பெரியவர்களுக்கு ஐகாரச் சக்கரமும் புதினமாக இருக்கும்.

நடு ஆணிக்குப் பித்தளைப் பின் தேடி அலைய வேண்டாம். இரண்டு சட்டைத் தெறியை முன்னும் பின்னும் வைத்து, ஓர் அரிசி மணி அளவு தளர்வு விட்டு நூலால் தைத்தால் காணும். இறுக்கித் தைத்தால் சுழலாது. நாளடைவில் துளை பெருத்துத் தட்டு ஆடும், எழுத்து யன்னலை விட்டு விலகும். துளையைச் சுற்றி ஒரு ரூபாய்க் குற்றி அளவு போட் துண்டு ஒட்டிவிட்டுத் தைத்தால் இது பிந்தும்.

இழுபட்டைக்கு அழகு குறைவு, வேலை அதிகம் செய்யும். 4 சென்ரிமீற்றர் அகலப் பட்டையில் 9 எழுத்து, ஒன்றுக்கு 4 சென்ரிமீற்றர். இரு நுனியிலும் பிடிக்க 4 விட்டால் மொத்தம் 44. பதினெட்டையும் ஒரே பட்டையில் எழுதினால் போட்டின் நீளம் காணாது. உறையில் மேலும் கீழுமாக இரண்டு கீறல், ஒவ்வொன்றும் 4.4 சென்ரிமீற்றர். சரியாக 4 வெட்டினால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பட்டை ஊதி இறுகும், பிள்ளை பலமாக இழுக்கும், கீறலின் மூலை கிழியும். கிழிவது எப்போதும் மூலையில்தான். அங்கே மட்டும் முன்பின்னாக செலோடேப் ஒட்டிவிட்டுக் கீறுங்கள்.

உறையில் தனிக் குறியை எழுதாமல் சொல்லின் கடைசியை எழுதலாம் என்பதே இதன் சிறப்பு. ‘ளம்’ எழுதிய உறைக்குள் கு, க, வ, த இழுத்தால் குளம், களம், வளம், தளம். ‘டு’ எழுதிய உறைக்குள் ஆ, மா, கா, வீ, கூ, ஓ. இங்கே உகரம் சிக்கலே இல்லை, ‘டு’ முழு எழுத்தாகவே நிற்கிறது. குளமும் களமும் மாடும் வன்னிப் பிள்ளைக்கு விளக்க வேண்டிய சொற்களல்ல. தரம் 1ஐயும் 2ஐயும் ஒருவரே சேர்த்து எடுக்கும் வகுப்பில், ஒரு குழுவிடம் பட்டையைக் கொடுத்துவிட்டு மற்றக் குழுவோடு கதைக்கலாம். சக்கரத்தை அப்படி விட்டுவர முடியாது, ஐந்து நிமிடத்தில் அது சில்லாகிவிடும்.

நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் இழுபட்டை. இன்னொரு பின்னேரம் கிடைத்தால் இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் நாலு வரிசைக்கு மட்டும் தனி அட்டை வெட்டுங்கள். ஙகரம் நீங்க 68 வரும், ஒன்றரை போட்டுக்குள் முடியும். சக்கரம் மூன்றாவதுதான்.

லெமினேட் செய்வதானால் பட்டைக்குச் செய்யுங்கள், வழுக்கிக்கொண்டு ஓடும், ஊதாது. ஓரத்தில் 3 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் விட்டு வெட்டுங்கள். ஒட்ட வெட்டினால் ஈரம் உள்ளே போய் அட்டை இரண்டாகப் பிரியும். சுவரில் தொங்குவதற்கு லெமினேட் வேண்டாம். அரைச்சுவருக்கு மேலால் வரும் வெளிச்சம் பட்டுப் பளபளக்கும், பக்கத்தில் இருப்பவருக்கு எழுத்தே தெரியாது.

ஒட்டுவதற்கு மாப்பசை கூடாது, கரப்பானுக்கு அது விருந்து. தவணை விடுமுறைக்கு முன் எல்லாவற்றையும் பிஸ்கற் ரின்னில் போட்டு மூடி, கூரை வளையிலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். சுவரோரம் நிலத்தில் வைத்த காட்போட் பெட்டியைக் கறையான் ஒரு மாத விடுமுறைக்குள் மண்ணாக்கிவிடும்.